நோர்பரியில் ஒரு ஷெஃபீல்ட்காரி

பாலாம்பிகை ஷெஃபீல்டில் வளர்ந்தவள் என்பதை நோர்பரியில் ஒருவரும் நம்பவில்லை. கட்டிய கணவரே நம்பவில்லை.

அவர்களையும் குறை சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்தில் சண்டை மூண்டபின், எண்பத்தாறாம் ஆண்டு, கணவரோடும் சின்ன மகளோடும் லண்டனுக்கு அகதியாக வந்து இறங்கியவள் அவள். முதன்முதலில் தங்குவதற்கு அறை கொடுத்த சுசிலா அக்கா, வந்த அன்றே அவளை ஜன்னலருகே கூட்டிப்போனார்.

"இஞ்சத்தைக் குளிர் உமக்குத் தெரியாது பிள்ளை. டிசம்பர் வந்தா வெளியில வெள்ளையாக் கொட்டும். அதுக்குப் பேர் ஸ்னோ."

"தெரியும் அக்கா. நான் சின்னனில ஷெஃபீல்டில இருந்தனான். ஐஞ்சு வயதில இருந்து பன்னிரண்டு வயது மட்டும்."

"ஓம் ஓம்," என்ற சுசிலா அக்கா, அடுத்ததாக எந்தக் குழாயில் சுடுதண்ணீர் வரும், எதில் பச்சைத்தண்ணீர் வரும் என்று காட்டத் தொடங்கிவிட்டார்.

சாட்சி சொல்லவும் ஆள் இல்லை. தகப்பன் கணேசலிங்கமும் தாய் தவநாயகியும் காலமாகிவிட்டார்கள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. ஷெஃபீல்டில் எடுத்த படங்களெல்லாம் யாழ்ப்பாணத்து வீட்டோடு எரிந்துபோயின. அவளுடைய ஆங்கிலமாவது கைகொடுத்திருக்கலாம். அதுவும் இல்லை. யாழ்ப்பாணத்துக் கல்லூரியில் படித்த மற்றப் பெண்களைப் போலவே, இலக்கணம் பிசகாமல், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினாள்.

கணவர் யோகராஜா லண்டன் ரோட்டில் ஒரு பலசரக்குக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். மனைவி சமைத்ததை ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அவள் ஷெஃபீல்ட் என்று ஆரம்பித்தால் அவருடைய மீசை மட்டும் மெல்ல ஆடும். மகள் ஜதுர்ஷிகா ஒளிவு மறைவில்லாமலே சிரிப்பாள். "அம்மா ஷெஃபீல்ட் எடுத்திட்டா, நான் ரூமுக்குப் போறன்" என்பாள்.

ஒருமுறை தொலைக்காட்சியில் வடக்குப் பக்கத்து நகரம் ஒன்றைப் பற்றி ஏதோ நிகழ்ச்சி போனது. தலையில் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் வாய்க்குள்ளேயே எதையோ சொன்னார். பாலாம்பிகை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"என்ன சொல்லுறார்?" என்றார் யோகராஜா.

"தன்ர புறா தன்ர மனுசியை விடப் புத்திசாலியாம்."

"சும்மா போம். உது ஒருத்தருக்கும் விளங்காது."

சில நாட்களில் அவளுக்கே சந்தேகம் வரும். நாற்பது வருடத்துக்கு மேலாக ஒருவரும் ஒத்துக்கொள்ளாத ஒன்றை ஒரு மனுசி எத்தனை நாளைக்குத்தான் தனியாகப் பிடித்துக்கொண்டிருப்பது? யாரோ சொன்ன கதையைத் தன்னுடையது என்று நினைத்துக்கொண்டேனோ என்று பாத்திரம் கழுவும்போது யோசிப்பாள்.

ஆனால் அது நடந்துதான் இருந்தது.

கணேசலிங்கம் உருக்கைப் பற்றிப் படிக்க ஷெஃபீல்டுக்குப் போனவர். படிப்பு முடிந்ததும் அங்கேயே ஓர் உருக்காலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை கிடைத்தது. மனைவியையும் மகளையும் கப்பலில் வரவழைத்தார். ஐம்பத்திரண்டாம் ஆண்டின் கடைசி. கோல்வின் தெரு என்ற ஒடுக்கமான தெருவில், ஒன்றோடொன்று முதுகு ஒட்டிய செங்கல் வீடுகளில் ஒன்று. மலசலகூடம் முற்றத்தைத் தாண்டி வெளியே இருந்தது. நான்கு வீட்டுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமைகளில் அடுப்பங்கரை நெருப்புக்கு முன்னால் தகரத் தொட்டியை வைத்து, கேத்தல் கேத்தலாகச் சுடுதண்ணீர் ஊற்றிக் குளிப்பார்கள். முதலில் பாலாம்பிகை, பிறகு அம்மா, கடைசியில் அதே தண்ணீரில் அப்பா.

தெருவின் முடிவில் ஆலை. அங்கே நீராவிச் சம்மட்டி இரவு பகலாக இறங்கிக்கொண்டிருக்கும். அது இறங்கும்போதெல்லாம் மேசையில் இருக்கும் தேநீர்க் கோப்பை தட்டில் ஒரு சின்னத் துள்ளல் துள்ளும். இருட்டியபின் உலையைத் திறந்தால் வானம் முழுக்கச் செம்பருத்திச் சிவப்பு. காயப்போட்ட வெள்ளைச் சேலையில் கரித்தூள் வந்து புள்ளி புள்ளியாக உட்காரும். தவநாயகி முதல் மாதம் அதைப் பார்த்து அழுதார். இரண்டாம் மாதம், பக்கத்து வீட்டு மிஸஸ் பூத் சொல்லிக்கொடுத்தபடி, விரலை எச்சிலில் நனைத்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் துணி போட்டார். அந்தத் தெருப் பெண்கள் தினமும் முழங்காலில் இருந்து வாசல்படியை ஒரு மஞ்சள் கல்லால் தேய்ப்பதைப் பார்த்து, அது ஏதோ சமயச் சடங்கு என்று எண்ணி, தானும் குளித்துத் திருநீறு பூசிக்கொண்டு வந்து தேய்த்தார். தெரு முழுக்க அவரை மெச்சியது.

வந்த முதல் கிழமை. பாலாம்பிகை வாசல்படியில் உட்கார்ந்து, அம்மா சுட்ட முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். சிவப்பு முடியும் ஓடும் மூக்குமாக ஒரு சிறுமி எதிரில் வந்து நின்று, அவளை மேலும் கீழும் பார்த்து என்னவோ கேட்டாள். பாலாம்பிகைக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, நடுவில் வந்த 'தா' என்ற ஒன்றைத் தவிர. தா என்று கேட்டால் கொடுப்பதுதானே முறை? கையிலிருந்த முறுக்கைப் பாதியாக உடைத்து நீட்டினாள். அந்தச் சிறுமி வாங்கித் தின்றுவிட்டு மறுபடி கேட்டாள். அதிலும் 'தா' இருந்தது. மிச்சப் பாதியும் போய்விட்டது.

மொரீன் என்ற அந்தச் சிறுமி கேட்டது 'உன் பெயர் என்ன?' என்று. அந்த ஊர்ப் பேச்சில் 'நீ' என்பதற்கு 'தா' என்றும் 'தீ' என்றும் வரும். மாலையில் கணேசலிங்கம் அதை விளக்கினார். "பள்ளிக்கூட இங்கிலீஷில எல்லாருக்கும் ஒரே சொல்லுதான். இந்த ஊர்ச் சனத்திட்ட மட்டும் எங்களைப் போல நீயும் இருக்கு, நீங்களும் இருக்கு. கூட்டாளியளுக்கு 'தீ'. பெரியாக்களுக்குச் சொல்லிப்போடாத, அறை விழும்."

மொரீனுக்குப் பாலாம்பிகை என்ற பெயர் வாயில் அடங்கவில்லை. பால் என்று நிறுத்திக்கொண்டாள். ஆங்கிலத்தில் 'பால்' என்றால் கூட்டாளி. அதோடு தெருவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் அவள் பால் ஆனாள்.

யுத்தத்தில் குண்டு விழுந்து, வீட்டு வரிசையின் நடுவே பல் விழுந்த வாய் மாதிரி ஒரு வெறும் இடம் இருந்தது. உடைந்த செங்கல்லுக்கு நடுவே ஊதாப் பூக்கள் முளைத்திருக்கும். அதுதான் பிள்ளைகளின் ராச்சியம். நவம்பர் ஐந்தாம் திகதி அங்கேதான் நெருப்பு. முன்னொரு காலத்தில் பாராளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தவனின் கொடும்பாவியை நாடு முழுக்க எரிக்கும் நாள் அது. ஒக்டோபர் பிறந்ததும் விறகு தேடும் வேட்டை தொடங்கும். ஓட்டைக் கதிரை, பழைய கதவு, மரப்பெட்டி, எதுவும் தப்பாது. சேர்த்த குவியலை அடுத்த தெருக் கூட்டம் வந்து அள்ளிக்கொண்டு போகாமல் காவல் வேறு இருக்கவேண்டும்.

பாலாம்பிகைக்கு ஒன்பது வயதானபோது, கொடும்பாவியை உட்கார வைக்க ஒரு கதிரை கூட அகப்படவில்லை என்று மொரீன் கவலைப்பட்டாள். பாலாம்பிகை வீட்டுக்குள் போனாள். அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் கொண்டுவந்த தேங்காய் திருவலை அலுமாரிக்குக் கீழே கிடந்தது. உட்காரப் பலகை, முன்னால் இரும்பு நாக்கு. ஷெஃபீல்டில் தேங்காயைக் கண்ணால் கண்டே மாதங்கள் ஆகியிருந்தன. யாருக்கு வேண்டும் இது? அன்று மாலை கொடும்பாவி அந்தத் திருவலையில் ராசா மாதிரி ஏறி உட்கார்ந்து எரிந்தது. தவநாயகியும் மற்றத் தாய்மாரோடு நின்று கை தட்டினார். மறுநாள் காலை சாம்பலில் இரும்பு நாக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அதைக் கண்ட தவநாயகி, அடிக்கக் கையை ஓங்கிவிட்டு, அடிக்க முடியாமல் தெருவிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

ஐம்பத்தொன்பதில் கணேசலிங்கத்துக்கு இலங்கையில் ஒரு தொழிற்சாலையில் வேலை வந்தது. திரும்பிப் போனார்கள். யாழ்ப்பாணத்துப் பள்ளியில் முதல் நாள், ஆங்கிலப் பாடத்தை வாசிக்கச் சொன்னார்கள். பாலாம்பிகை எழுந்து உற்சாகமாக வாசித்தாள். ஆசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "எங்கே பிடித்தாய் இந்த இங்கிலீஷை? துறைமுகத்திலா?" என்றார். வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்தத் தவணை முடிவதற்குள் பாலாம்பிகை புதிய ஆங்கிலம் கற்றுக்கொண்டாள். பழையது எங்கே போனதென்று அவளுக்கே தெரியாது.

இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டின் கோடையில், நோர்பரியில் அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்கு ஒரு புது ஆள் வந்தார். அந்த வீட்டில் ஸாண்ட்ரா என்ற தாதி தனியாக இருந்தாள். தாய் இறந்தபின் தகப்பனைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வில்ஃப் ஆக்ஸ்லி என்று பெயர். அறுபதைத் தாண்டியவர், அகன்ற தோள், பெரிய கை. மகள் ஷிப்டுக்குப் போனால் நாள் முழுக்கப் பின்தோட்டத்தில் நிற்பார். யாரோடும் பேசமாட்டார். பேசினாலும் யாருக்கும் விளங்காது. தபால்காரர் இரண்டு தடவை 'மன்னிக்கவும்?' என்று கேட்டுவிட்டு, மூன்றாம் தடவை தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். பாலாம்பிகை அதிகாலையில் கடைக்குப் போய் மாலையில் வருபவள். அவரைத் தூரத்தில் கண்டு கை அசைத்ததோடு சரி.

ஒக்டோபரில் வில்ஃப் தோட்டத்தின் பின்பக்கத்துப் பழைய வேலியைப் பிடுங்கி, பலகைகளைத் தோட்டத்தில் அடுக்கத் தொடங்கினார். பிறகு ஓர் உடைந்த அலுமாரி வந்தது. பிறகு ஸாண்ட்ராவின் பழைய கட்டில். குவியல் நாளுக்கு நாள் வளர்ந்தது. அது வளர்ந்த இடம் யோகராஜாவின் கண்ணாடிக் குடிலை ஒட்டியது.

அந்தக் குடிலுக்குள் யோகராஜாவின் கறிவேப்பிலை இருந்தது. விதை போட்டு, நான்கு குளிர்காலம் ஹீட்டர் வைத்துக் காப்பாற்றி, இடுப்பளவு உயர்ந்த மரம். அதன் இலையை ஒரு கொத்து யாருக்காவது கொடுத்தாரென்றால், அந்த ஆள் மேல் அவருக்கு அவ்வளவு மதிப்பு என்று அர்த்தம். ஜன்னலால் குவியலைப் பார்த்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், சேட்டுப் பொத்தானைக் கழுத்து வரை போட்டுக்கொண்டு, நியாயம் கேட்கப் போனார். சிறிது நேரத்தில் முகம் வெளிறித் திரும்பி வந்தார்.

"இஞ்சரும்! அந்தாள் கொளுத்தப் போகுதாம்!"

தீபாவளி வந்துகொண்டிருந்தது. பாலாம்பிகை குசினியில் பயத்தம் பணியாரத்துக்கு மாக் கரைத்துக்கொண்டிருந்தாள். "ஆர் சொன்னது?"

"அவரே சொல்லுறார். நான் மரியாதையாக் கேட்டன். அந்தாள் என்ர முகத்துக்கு நேர விரலை நீட்டி, 'தீ, தீ' எண்டு கத்துது. தமிழிலயே சொல்லுதப்பா! கறிவேப்பிலையோட எங்களையும் சேர்த்துக் கொளுத்தினாலும் கொளுத்தும். கவுன்சிலுக்குப் போன் எடுக்கட்டே?"

பாலாம்பிகையின் கை மாவுக்குள்ளேயே நின்றது. "என்னெண்டு சொன்னவர்? திருப்பிச் சொல்லுங்கோ."

"தீ எண்டுதான்."

அதற்குள் வெளியே மறுபடி குரல் கேட்டது. யோகராஜா போய்விட்டது தெரியாமல் வில்ஃப் வேலிக்கு மேலால் இன்னும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். யோகராஜா மறுபடி தோட்டத்துக்கு ஓடினார். பாலாம்பிகை, கை முழுக்க மாவோடு, பின்னால் போனாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் யோகராஜா, "பிளீஸ் சேர், மை பிளான்ட், மை பிளான்ட்" என்று கும்பிடாக் குறையாக நின்றார். அந்தப் பக்கம் வில்ஃப், விளங்காத ஆளுக்குச் சத்தமாகச் சொன்னால் விளங்கும் என்ற நம்பிக்கையில், முழுத் தொண்டையில் கத்திக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் பாலாம்பிகையின் காதில் விழுந்தது. சொற்கள் கூட அல்ல. அவற்றின் ஏற்ற இறக்கம், கடைசி எழுத்தை விழுங்கும் விதம். அவள் எதையும் யோசிக்கவில்லை. வாய் தானாகத் திறந்தது.

"ஏ அப்! கியோவர் ஷாட்டின், தீ! ஈ இன்ட் டெஃப்!"

ஏய், நீ கத்துவதை நிறுத்து, அவர் ஒன்றும் செவிடு இல்லை என்று அர்த்தம். சொன்னது ஐம்பத்தைந்து வயதுச் சேலைக்காரி. குரல் கோல்வின் தெருவின் ஒன்பது வயதுச் சண்டைக்காரியுடையது. தமிழில் அவள் அந்த வயது ஆண் ஒருவரை ஒருநாளும் நீ என்று சொன்னதில்லை.

மூவரும் அப்படியே நின்றார்கள். யோகராஜா மனைவியை, வேறு யாரோ அவளுடைய சேலையைக் கட்டிக்கொண்டு வந்ததுபோலப் பார்த்தார். வில்ஃபின் வாய் திறந்தபடி இருந்தது. பாலாம்பிகை மாவுக் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லு," என்றார் வில்ஃப், மெதுவாக.

"மன்னிக்கவேணும், நான்..." என்று அவள் தன் கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

"அது இல்லை. முதல் சொன்னதைச் சொல்லு. நீ எங்கே பிறந்தாய்?"

"பிறந்தது யாழ்ப்பாணம். வளர்ந்தது கோல்வின் தெரு. சம்மட்டி ஆலைக்குப் பக்கத்தில்."

வில்ஃப் கண்ணைச் சுருக்கினார். "கோல்வின் தெருவா? நாங்கள் ஆற்றுக்கு அந்தப் பக்கம். சும்மா யாராவது சொல்லித்தந்திருப்பார்கள். சரி, ஒன்று கேட்கிறேன். கோடையில் ஆலையை இரண்டு கிழமை மூடுவார்களே, அப்போது என்ன?"

பாலாம்பிகை உடனே சொன்னாள். "நித்திரை வராது."

வில்ஃப் வேலிக்குக் கிட்ட வந்தார்.

"சத்தம் இல்லாமல் நித்திரை வராது," என்றாள் அவள் மறுபடி. ஒவ்வொரு சொல்லும் இப்போது பழைய இடத்திலிருந்தே வந்தது. "சம்மட்டி நின்றதும் தெருவே முழித்துக்கொண்டு கிடக்கும். அம்மா எழும்பித் தேத்தண்ணி போடுவா. மிஸஸ் பூத் கதவைத் தட்டிக்கொண்டு வருவா, தனக்கும் நித்திரை இல்லையென்று. விடியும்போது பார்த்தால் புகை இல்லாமல் மலை தெரியும். அவ்வளவு கிட்ட மலை இருக்கிறதென்று அப்போதுதான் ஞாபகம் வரும்."

வில்ஃப் தொப்பியைக் கழற்றினார். "என் அம்மாவும் அப்படித்தான்," என்றார். "விடுமுறை முழுக்க நித்திரை இல்லை என்று திட்டிக்கொண்டே இருப்பாள். என் மனைவி போனபின் இதைத் தெரிந்த ஓர் ஆளை நான் காணவில்லை."

பாலாம்பிகைக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கப்போய், மா இன்னும் அப்பிக்கொண்டது. வில்ஃப் அதைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து யோகராஜா அன்றுதான் கண்டார்.

பின்கதவில் ஜதுர்ஷிகா கையில் ஃபோனோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாரும் கவனிக்கவில்லை.

"அம்மா," என்றாள். "வாட் வாஸ் தட்?"

"ஷெஃபீல்ட்," என்றாள் பாலாம்பிகை.

அதன்பின் காரியங்கள் வேகமாக நடந்தன. வில்ஃப் நவம்பர் ஐந்துக்குத்தான் விறகு சேர்க்கிறார் என்பதை யோகராஜாவுக்கு விளக்கியாகிவிட்டது. எந்த ஊரில் இருந்தாலும் ஒரு வருடம் கூட நெருப்பு மூட்டாமல் விட்டதில்லையாம். லண்டனில் பெட்டி வெடியை வாங்கிக் கொளுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள், இதெல்லாம் ஒரு நெருப்பா என்று குறைப்பட்டார். குவியலைத் தோட்டத்தின் கடைசி மூலைக்கு மாற்றவேண்டும் என்று பாலாம்பிகை தீர்ப்புச் சொன்னாள். பலகைக்கு அடியில் முள்ளெலி படுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுக்கவேண்டும் என்று வில்ஃப் சொன்னார். ஞாயிறு முழுக்க மாற்றினார்கள். முள்ளெலி இல்லை, கோபம் கொண்ட ஒரு தவளை இருந்தது. அதை யோகராஜா தன் கையாலேயே குடிலுக்குள் குடிவைத்தார்.

திங்கட்கிழமை தீபாவளி. கடையைப் பூட்டிக்கொண்டு வந்த யோகராஜாவின் வேனில் மரப்பெட்டிகள் நிறைந்திருந்தன. மாம்பழம் வந்த பெட்டி, கருவாடு வந்த பெட்டி.

"என்னப்பா இது?" என்றாள் பாலாம்பிகை.

"அவற்ர குவியல் காணாது," என்றார் யோகராஜா. "செய்யிறதை வடிவாச் செய்யவேணும்."

செவ்வாய்க்கிழமை பொழுது சாய்ந்ததும் நெருப்பு மூட்டினார்கள். ஸாண்ட்ரா அன்று லீவு எடுத்திருந்தாள். சுசிலா அக்காவையும் அழைத்திருந்தார்கள். அவர் இரண்டு கோட்டுப் போட்டுக்கொண்டு, நெருப்பிலிருந்து பத்திரமான தூரத்தில், கதிரையில் உட்கார்ந்தார். கருவாட்டுப் பெட்டி எரிந்தபோது வந்த மணத்தைப் பற்றி ஸாண்ட்ரா மரியாதைக்காக ஒன்றும் சொல்லவில்லை.

கோல்வின் தெருவில் அந்த நாளுக்கென்று இஞ்சியும் கருஞ்சீனிப்பாகும் போட்டு ஒரு கேக் செய்வார்கள். பாலாம்பிகை அதை நினைவிலிருந்து செய்து பார்த்திருந்தாள். பாகுக்குப் பதிலாகப் பனங்கட்டி போட்டிருந்தாள். வில்ஃப் ஒரு துண்டு கடித்து நெடுநேரம் மென்றார்.

"இது அது இல்லை," என்றார்.

"தெரியும்."

"அது இல்லவே இல்லை," என்று சொல்லிவிட்டு இன்னொரு துண்டு எடுத்தார். பிறகு இன்னொன்று. தணலில் சுட்ட உருளைக்கிழங்குக்கு வெண்ணெய் இருக்க, ஜதுர்ஷிகா விளையாட்டாக இடிசம்பலை நீட்டினாள். அவர் ஒரு கரண்டி நிறைய வைத்து விழுங்கிவிட்டு, கண்ணில் தண்ணீர் ஓட, பேச்சு மூச்சற்று நின்றார். "உலைக்கு முன்னால் முப்பது வருடம் நின்றவன் நான்," என்றார் குரல் வந்ததும். "இப்படிச் சூடு கண்டதில்லை."

நெருப்பு மறுபடி உயர எழும்பியதும் அவர்கள் இருவருக்கும் வழக்கு வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நெருப்புத்தான் ஊரிலேயே பெரியது என்றார் வில்ஃப். உங்கள் கொடும்பாவி எதில் உட்கார்ந்தது என்று கேட்டாள் பாலாம்பிகை. ஒரு வாளியில் என்றார் அவர். எங்களுடையது சிம்மாசனத்தில் உட்கார்ந்தது, கப்பலில் வந்த சிம்மாசனம் என்றாள் அவள். திருவலைக் கதையை அந்தப் பேச்சிலேயே, கையைக் காலை ஆட்டிச் சொன்னாள். வில்ஃப் தொடையில் அடித்துச் சிரித்தார். ஸாண்ட்ரா சிரித்தாள். தகப்பன் இப்படிச் சிரித்து வருடக்கணக்காகிவிட்டது என்று ஜதுர்ஷிகாவின் காதில் சொன்னாள். சுசிலா அக்காவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் பேசுவது யார் என்பதை நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை," என்றார் கடைசியில், "நான் உமக்கு ஸ்னோவைப் பற்றி விளங்கப்படுத்தினனான் என்ன?"

"ஓம் அக்கா. வடிவா விளங்கப்படுத்தினீங்கள்."

சுசிலா அக்கா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார்.

யோகராஜா தண்ணீர்க் குழாயைக் கையில் பிடித்தபடி குடிலுக்கு முன்னால் காவல் நின்றார். பாலாம்பிகை ஒரு உருளைக்கிழங்கை உரித்து அவருக்குக் கொண்டுபோனாள்.

"அப்ப அந்தத் திருவலைக் கதையும் உண்மையோ?" என்றார் அவர்.

"உண்மைதான்."

"புறாக் கதை?"

"அதுவும்தான்."

அவர் உருளைக்கிழங்கை ஊதினார். "கலியாணம் கட்டின நாளில இருந்து நான் நம்பேல்லை."

"தெரியும்."

"ஏன் நீர் சண்டை பிடிக்கேல்லை?"

"சண்டை பிடிச்சிருந்தா நம்பியிருப்பீங்களே?"

யோகராஜா நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "இல்லை," என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. குழாயில் கை பட்டு, தண்ணீர் பீறிட்டு சுசிலா அக்காவின் கதிரைக்காலை நனைத்தது.

அந்தக் குளிர்காலத்தில் நோர்பரிக்கே விஷயம் தெரிந்துவிட்டது. பரப்பியவர் யோகராஜா. கடைக்கு அரிசி வாங்க வந்தவர்கள் ஷெஃபீல்டைக் கேட்காமல் வெளியே போக முடியாது. "எங்கட மனுசி உருக்காலைக்குப் பக்கத்தில வளர்ந்தவ. நாலு மைல் சுற்றுவட்டத்தில இவவைத் தெரியாத ஆள் இல்லையாம்" என்பார். பின்னால் அலுமாரியில் பருப்புப் பொதி அடுக்கிக்கொண்டிருக்கும் பாலாம்பிகை, "ஒரு தெரு எண்டுதான் நான் சொன்னனான்" என்பாள். "அவ அடக்கமா சொல்லுறா" என்பார் அவர். முன்பு கதையை நம்பாத கணவரைச் சமாளித்தவள், இப்போது கதையைப் பெருக்கும் கணவரைச் சமாளிக்கவேண்டியதாயிற்று. இதுதான் சுகமாக இருந்தது.

வில்ஃப் சனிக்கிழமைகளில் கடைக்கு வந்து, கல்லாவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்காரத் தொடங்கினார். தபால்காரர் வில்ஃப் சொல்வது விளங்காமல் விழித்தால், பாலாம்பிகை மொழிபெயர்த்தாள். ஒருநாள் யோகராஜா குடிலுக்குள் போய், ஒரு கொத்துக் கறிவேப்பிலையை ஒடித்து, காகிதத்தில் சுற்றி வில்ஃபிடம் கொடுத்தார். அதை என்ன செய்வது என்று வில்ஃபுக்குத் தெரியவில்லை. பூ என்று நினைத்து மேசையில் கிளாசில் வைத்தாராம்.

சித்திரை பிறந்ததும் மூவரும் ஷெஃபீல்டுக்குப் போய்வருவதென்று முடிவாயிற்று.

"அங்கே பார்க்க ஒன்றும் இல்லை," என்று வில்ஃப் முன்கூட்டியே எச்சரித்தார். "கோல்வின் தெருவை அறுபதுகளிலேயே இடித்துவிட்டார்கள். இப்போது கார் நிறுத்துகிறார்கள்."

"பரவாயில்லை. கார் நிறுத்துகிற இடத்தில் போய் நிற்போம்," என்றாள் பாலாம்பிகை. "யாரும் வந்து கேட்டால் நான் பதில் சொல்கிறேன்."

விக்டோரியாவில் கோச் ஏறும்போது யோகராஜா ஒரு பெரிய பையைத் தோளில் மாட்டியிருந்தார். உள்ளே பிட்டு, முட்டைப்பொரியல், கட்டைச் சம்பல், நாலு பிளாஸ்க். வழியில் கடைகள் இருக்கின்றன என்று சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோச் லண்டனை விட்டு வெளியேறுமுன்பே அவருக்குப் பசித்தது. பொதியை அவிழ்த்ததும் முன் இருக்கைகளில் தலைகள் திரும்பின. வில்ஃப் ஒரு தட்டில் பிட்டை எடுத்து, மேலே சம்பலை வைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பிப் பார்த்த ஓர் இளைஞனிடம் நீட்டினார்.

"சாப்பிடு," என்றார். "ஆனால் கொஞ்சமாக எடு. எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை."